அடியும் காயமும் மட்டும்தான் குழந்தை வன்கொடுமையா? சட்டம் கூறுவது என்ன?

புதுடெல்லி: குழந்தைகளுக்கு எதிரான கொடுமை என்றவுடன் பாலியல் குற்றமும் உடற்காயமும்தான் பெரும்பாலானோரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலக சுகாதார அமைப்பின் வரையறையில் உடல்ரீதியான வன்கொடுமை, பாலியல் வன்கொடுமை, மனரீதியான வன்கொடுமை ஆகியவற்றுடன் பராமரிப்பில் காட்டப்படும் புறக்கணிப்பும் இடம்பெறுகிறது. எளிதில் கண்ணுக்குப் புலப்படாததும், புகாராகப் பதிவாவது அரிதாக இருப்பதும் இந்தப் புறக்கணிப்புதான். இந்தியச் சட்டங்களும் இவை அனைத்தையும் ஒரே அளவு விரிவாக வரையறுக்கவில்லை.

தொடாமலும் குற்றம்

பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக உள்ளது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிறைவடையாத ஆண், பெண் அனைவரும் குழந்தைகளே. பாலியல் நோக்கத்துடன் சைகை காட்டுவது, ஆபாசப் படங்களைக் காட்டுவது, தொடர்ந்து பின்தொடர்வது ஆகியவையும் இச்சட்டத்தின்கீழ் பாலியல் துன்புறுத்தலாகும்.

ஆடைக்கு மேல் தொட்டால் அது இச்சட்டத்தின்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்ற பொருளில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அதே ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தோலோடு தோல் உரசியதா என்பதைவிடப் பாலியல் நோக்கம் இருந்ததா என்பதே முக்கியம் என அது விளக்கியது.

காயம் சொல்லும் கதை

உடல்ரீதியான வன்கொடுமையை அடையாளம் காண்பதில் மருத்துவத்துறைக்கு முக்கியப் பங்கு உண்டு. குழந்தைகளின் உடலில் காணப்படும் விளக்க முடியாத காயங்கள் குறித்து அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவரது சகாக்களும் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஓடி விளையாடும் குழந்தைக்கு முழங்கால், முழங்கை, நெற்றி ஆகிய இடங்களில் காயம் ஏற்படுவது இயல்பு. முதுகு, காது, கன்னம், தொடை போன்ற இடங்களில் கன்றிப்போன தழும்புகள் இருந்தால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துகின்றனர். பழைய காயமும் புதிய காயமும் ஒருசேரக் காணப்படுவது, இன்னும் தவழாத கைக்குழந்தையின் உடலில் கன்றல் இருப்பது, பெற்றோர் கூறும் காரணத்துக்கும் காயத்துக்கும் பொருத்தமின்மை ஆகியவையும் எச்சரிக்கை அறிகுறிகளே. ஆனால் எந்த அறிகுறியும் தனியாக நின்று குற்றத்தை நிரூபித்துவிடாது.

பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. வீட்டில் பெற்றோர் அடிப்பதை வெளிப்படையாகத் தடை செய்யும் தனிப் பிரிவு ஏதும் இந்தியாவில் இல்லை. கண்டிப்புக்கும் கொடுமைக்கும் இடையிலான கோடு மங்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு

புறக்கணிப்பும் மனரீதியான கொடுமையும் பெரும்பாலும் ஒரே பிரிவுக்குள் அடங்கிவிடுகின்றன. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவே அது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதனைத் தாக்கினாலோ, கைவிட்டாலோ, தேவையற்ற உடல் அல்லது மனத் துன்பம் விளையக்கூடிய வகையில் வேண்டுமென்றே புறக்கணித்தாலோ 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதில் ‘வேண்டுமென்றே’ என்ற ஒற்றைச் சொல்லே முக்கியமானது. கட்டுமானப் பணியிடத்தில் கல் சுமக்கும் தாய், இரண்டு வயதுக் குழந்தையை அதன் ஆறு வயது அக்காவிடம் விட்டுச் செல்கிறார் என்று கொள்வோம். அக்குழந்தைகளுக்கு ஆபத்து இருப்பது உண்மை. ஆனால் அத்தாய்க்குத் தேவைப்படுவது குழந்தைகள் காப்பகமும் நிதியுதவியுமே தவிர, வழக்கு அல்ல. வசதியிருந்தும் நோயுற்ற மகளுக்குச் சிகிச்சை அளிக்க மறுக்கும் வீட்டின் நிலை வேறு. கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையால் பெற்ற தாய் தந்தையர் குழந்தையைக் கைவிட்டால், அதனை வேண்டுமென்றே செய்த செயலாகக் கருத வேண்டாம் என அதே பிரிவு கூறுகிறது. குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் கொள்கை. நலிவுற்ற குடும்பங்கள் குழந்தையைத் தம்முடனே வைத்து வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவு நிதி வழங்கப்படுகிறது.

எப்போதும் பசியோடு இருப்பது, உணவைப் பதுக்கி வைப்பது, நீண்டகாலமாகக் கவனிக்கப்படாத பல் சிதைவு, அடிக்கடி பள்ளிக்கு வராமை ஆகியவை புறக்கணிப்பின் பொதுவான அறிகுறிகள். மகனுக்கு முதலில் பரிமாறிவிட்டு மீதியை மகளுக்கு அளிக்கும் வழக்கத்தை யாரும் இப்பெயரால் அழைப்பதில்லை. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அதனையும் கணக்கில் கொண்டது. அதில் பங்கேற்ற சிறுமிகளில் 48.4 சதவீதத்தினர், தாங்கள் ஆணாகப் பிறந்திருக்கலாம் என்று விரும்புவதாகத் தெரிவித்தனர். பாலியல் கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரியவர்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

சந்தேகம் எழுந்தால்

போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ தகவல் தெரிவிப்பது ஒவ்வொருவரின் சட்டப்பூர்வக் கடமை. நடந்த குற்றம் குறித்துத் தகவல் தெரிவிக்கத் தவறினால் 6 மாதங்கள் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நல்லெண்ணத்துடன் தகவல் அளித்தவர், அது தவறாக அமைந்தாலும் வழக்குக்கு ஆளாக மாட்டார். கைவிடப்பட்டதாகத் தோன்றும் குழந்தையைக் காண்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் அளிக்க வேண்டும் எனச் சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது.

எந்த வகைக் கொடுமையாயினும் 1098 என்ற இலவச உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். குழந்தையிடம் மீண்டும் மீண்டும் துருவிக் கேட்காமல், அது கூறிய சொற்களை அப்படியே குறித்துக்கொள்வது விசாரணைக்கு உதவும். போக்சோ வழக்குகளில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் அனுமதி இல்லை.