பொன் அகழ்ந்த சுரங்கத்தில் குடியிருந்த நோய்

பொன் என்றதும் எம்மவர் நெஞ்சில் தோன்றுவன தாலிக்கொடியும் காப்பும் சங்கிலியுமே. அப்பொன் எந்த நாட்டு மண்ணின் அடியில், எவருடைய கைகளால் அகழப்பட்டது என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொங்கோ நாட்டின் வடகிழக்கு எல்லைப்புறத்தில் உள்ள டுர்பா என்னும் சுரங்கப் பட்டினத்தின் கதை அந்த எண்ணத்தைத் தூண்டவல்லது.

வாட்சா நகருக்கு அண்மையில் உள்ள டுர்பாவின் தங்கச் சுரங்கங்கள் அக்காலத்தில் அரச நிறுவனம் ஒன்றுக்கு உரியவையாக இருந்தன. ஆனால் 1998 ஆகஸ்டில் கொங்கோவில் பெரும் போர் மூண்டபோது அப்பகுதி கிளர்ச்சிப் படையினரின் கைக்கு மாறியது. அரசின் சட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியற்ற இளைஞர்கள், கொரும்புவா என்னும் நிலக்கீழ்ச் சுரங்கத்தினுள் அனுமதியின்றி இறங்கிப் பொன் தேடினர். இருள் சூழ்ந்த அச்சுரங்கம் ஆயிரக்கணக்கான வௌவால்களின் உறைவிடமாகவும் இருந்தது.

1998 ஒக்டோபர் தொடக்கம் அத்தொழிலாளர் பலர் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டன. பலருக்கு இரத்தம் கசிந்தது. சில நாட்களிலேயே உயிர் பிரிந்தது. பராமரித்த உறவினரையும் நோய் பற்றியது. ஊரவருக்கு இது முற்றிலும் புதியதன்று. 1987 முதலே இத்தகைய மரணங்கள் அச்சுரங்கத்தோடு தொடர்புபட்டிருந்தன. 'டுர்பா இரத்தப்பெருக்கு நோய்' என்றே அதற்கு அங்கு பெயர் வழங்கிற்று. ஆயினும் வெளியுலகின் செவியில் அது விழவில்லை.

1999 ஏப்ரலில் வாட்சாவின் தலைமை வைத்தியரும் அதே நோயால் மாண்டார். போர் நடக்கும் மண்ணில், போதிய கையுறையும் மருந்துமின்றி நோயாளியின் அருகே நிற்கும் வைத்தியரின் நிலையை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவருடைய மரணத்தின் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. தென்னாபிரிக்க ஆய்வுகூடம் ஒன்று இது மார்பேர்க் வைரசு என உறுதிசெய்தது. உலக சுகாதார நிறுவனமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அங்கு விரைந்தன.

மார்பேர்க் என்பது ஜேர்மனிய நகரமொன்றின் பெயர். 1967 இல் உகண்டாவிலிருந்து தருவிக்கப்பட்ட குரங்குகள் வாயிலாக அங்கும், பிராங்பேர்ட், பெல்கிறேட் நகரங்களிலும் 31 பேரை இந்நோய் தாக்கியது. 7 பேர் இறந்தனர். டுர்பாவிலோ 2000 ஆம் ஆண்டு வரை 154 பேர் நோயுற்று, அவர்களுள் 128 பேர் மடிந்தனர். நோயுற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் சுரங்கத் தொழிலாளராவர்.

ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறொன்று. நோயாளிகளின் இரத்தத்தில் ஒன்பது வெவ்வேறு வைரசு மரபுகள் காணப்பட்டன. அதாவது, ஒரு வீட்டில் பற்றிய தீ அயல் வீடுகளுக்குப் பரவிய கதை அன்று இது. சுரங்கத்தினுள்ளிருந்து புதிய பொறிகள் திரும்பத் திரும்பத் தெறித்துக்கொண்டே இருந்தன. 2000 செப்டெம்பரில் அச்சுரங்கத்தில் வெள்ளம் நிறைந்து எவரும் உள்ளே இறங்க இயலாது போயிற்று. நோயும் நின்றது.

அந்தப் பொறியின் இருப்பிடம் வௌவாலே என்பது பின்னர் தெளிவாயிற்று. 2007 இல் உகண்டாவின் கிடாகா சுரங்கத் தொழிலாளர்களும் இந்நோய்க்கு ஆளாக, அங்கு வாழ்ந்த பழந்தின்னி வௌவால்களிலிருந்து உயிருள்ள வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. அச்சங்கொண்டோர் அவ்வௌவால்களைக் கொன்றொழித்தனர். பயன் யாது? 2012 இல் அவ்வட்டாரத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியது. அச்சுரங்கத்தில் புதிதாகக் குடியேறிய வௌவால்களிடையே முன்னரிலும் அதிக விகிதத்தில் வைரசு காணப்பட்டது.

2024 இல் ருவண்டாவில் இதே நோய் தோன்றியது. அங்கும் முதல் நோயாளி வௌவால்கள் வாழும் சுரங்கக் குகையில் தொற்றுக்கு ஆளானவரே. ஆயினும் 66 நோயாளருள் இறந்தோர் 15 பேர் மட்டுமே. உறுதியான மருந்து இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. எனினும் நோயை விரைந்து கண்டறிந்ததும், தேர்ந்த தீவிர சிகிச்சை கிடைத்ததும், நோயாளரோடு பழகியோரைத் தேடிக் கண்காணித்ததும் பல உயிர்களைக் காத்தன.

டுர்பாவில் நூற்றுக்கு எண்பத்து மூவர். ருவண்டாவில் நூற்றுக்கு இருபத்து மூவர். நோய் ஒன்றே. ஒழுங்கான வைத்தியசாலையும், எளியவனின் முறைப்பாட்டுக்குக் காலத்தோடு செவிசாய்க்கும் நிருவாகமும் இருந்த இடத்தில் மரணம் குறைந்தது. டுர்பாவின் தொழிலாளர் தம் நோய்க்குப் பெயரிட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னரே உலகம் அதனைக் கேட்டது. கேளாதிருந்த காலத்தின் விலையைச் செலுத்தியவர்கள் அவர்களே.