ஒளித்து வைத்த ஊர்

நேயர்களே, ஒரு புதிர். "பல்லின் முன்னால், பின்னே துளை, ரயில் பாதை முடியும் ஊர். மூன்று எழுத்து."

பல் வைத்தியரை நினைத்தால் விடை தப்பிவிடும். 'பல்' என்ற சொல்லின் முன்னெழுத்து 'ப'. அதன் பின்னே 'துளை'. பதுளை! 1924இல் ரயில் வந்துசேர்ந்த நம் பதுளையேதான்.

குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்து வைக்கும் குறுக்கெழுத்து இது. சாதாரணக் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் பிறந்தது. அதற்குள் இந்தக் கண்ணாமூச்சியைப் புகுத்தியவர்கள் பிரித்தானியர். தமிழிலும், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களை அமைத்திருக்கிறார்.

தோட்டத்தில் அம்மாயி போடும் விடுகதையை அவிழ்க்க, பொருளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். இங்கே எழுத்தைப் பார்க்க வேண்டும். குறிப்பின் ஒரு பாதி விடைக்கு நேர்ப்பொருள். மறுபாதி அதைக் கட்டும் வழி. இரண்டும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வாக்கியம் சொல்லும் கதையை நம்பிவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். கதையை மறந்து சொல்லைச் சொல்லாகப் பார்த்ததும் சட்டென்று பிடிபடும். அந்த நொடியின் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

இனி உங்கள் முறை. "பறைக்குள் முதல் சுரம் நுழைந்தால் பதுளைக்குப் பக்கத்து ஊர். மூன்று எழுத்து." மடுல்சீமை பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகும். விடை, அடுத்த பாடல் முடிந்ததும்.