பெரியது முந்தும், சிறியது பிந்தும்

சல்லடையில் மாவைச் சலித்தால் பொடி கீழே இறங்கும், கப்பி மேலே நிற்கும். மூலக்கூறுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் ஜெல் குழாயில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெரிய மூலக்கூறுதான் முதலில் வெளியே வரும்.

செங்குத்தாக நிறுத்திய கண்ணாடிக் குழாய். அதற்குள் நீரில் ஊறி உப்பிய நுண்மணிகள். மணிதோறும் எண்ணற்ற துளைகள். சிறிய மூலக்கூறுகள் அந்தத் துளைகளுக்குள் புகுந்து, வெளியேறி, அடுத்த மணிக்குள் மறுபடி புகுந்து தாமதமாகின்றன. துளைக்குள் நுழைய முடியாத பெரியவை மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே இறங்கிவிடுகின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீல டெக்ஸ்ட்ரானின் எடை சுமார் 20 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). செந்நிற வைட்டமின் பி12-க்கு வெறும் 1,355. இரண்டையும் கலந்தால் ஊதா. அதைக் குழாயின் தலையில் மெல்ல விட்டு, மேலே உப்புக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்தால், ஊதாப் பட்டையின் கீழ் விளிம்பு நீலமாகும், மேல் விளிம்பு சிவக்கும். பிறகு நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி விழும். நீலம் முன்னே போக, சிவப்பு பின்தங்கி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது.

1955-ல் லண்டனில் லேத், ரூத்வென் என்ற இரு ஆய்வாளர்கள் ஊறிய ஸ்டார்ச்சை நிரப்பி இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் ஸ்டார்ச் மென்மையானது, நீர் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. ஸ்வீடனின் உப்சாலாவில் போராத், ஃப்ளோடின் இருவரும் டெக்ஸ்ட்ரான் இழைகளைக் குறுக்காகப் பிணைத்து உறுதியான ஜெல் ஆக்கி, 1959-ல் அதைப் பற்றி எழுதினார்கள். ஃபார்மசியா நிறுவனம் அதை செஃபடெக்ஸ் என்ற பெயரில் விற்றது. சர்க்கரையை உண்ணும் பாக்டீரியா உண்டாக்கும் பொருள்தான் டெக்ஸ்ட்ரான். பிணைப்பு நெருங்க நெருங்கத் துளை சிறுக்கும். எனவே வேண்டிய அளவுக்கு ஏற்ற மணியைத் தேர்ந்துகொள்ளலாம்.

இந்த முறையின் பெரிய சிறப்பு அதன் மென்மை. சூடில்லை, கடும் அமிலமில்லை. மூலக்கூறு மணியோடு ஒட்டவே தேவையில்லை. அதனால் என்சைம் தன் வேலைத்திறன் கெடாமல் வெளியே வருகிறது. புரதக் கரைசலிலிருந்து உப்பை நீக்க இதைவிட எளிய வழி அரிது.

குழாயை நிரப்புவதில்தான் கைத்திறன் வேண்டும். ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் பட்டை கோணலாகிவிடும்; ஜெல் காய்ந்தால் விரிசல் விடும். மூலக்கூறின் வடிவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே எடையுள்ள இரு புரதங்களில் நீண்டு மெலிந்தது, உருண்டையானதைவிட முந்தி வரும். ஏறக்குறைய ஒரே அளவும் வடிவமும் உள்ள புரதங்களை இந்தக் குழாயால் பிரிக்க முடியாது. அவற்றை மின்னூட்டம் பார்த்துப் பிரிக்கும் வேறொரு குழாய்க்குத்தான் அனுப்ப வேண்டும்.