புலிப்பல் தாலியும் புலிநக அணிகளும்

புலிப்பல் தாலி என்பது புலியின் பல்லைக் கோத்துச் சிறுவர் சிறுமியரின் கழுத்தில் காப்பாக அணிவித்த பழந்தமிழர் அணி. புலி, சிறுத்தை, காட்டுப்பூனை, வீட்டுப்பூனை யாவும் ஒரே குடும்பம். ஆகவே இன்று விரும்பி வாங்கப்படும் பூனை உருவப் பதக்கங்களுக்கு மிக மூத்த உறவு என்று இதைக் கருதலாம்.

சங்க இலக்கியத்தில்

தாலி என்றதும் இன்று திருமணம்தான் நினைவுக்கு வரும். சங்க காலத்தில் அது குழந்தைகளின் அணியையும் குறித்தது. புறநானூற்றின் 77ஆம் பாடல், தாலியைக் கூடக் கழற்றாத இளம் வயதில் போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறது. குறுந்தொகை 161இல், மழை ஓயாத இரவில் புலிப்பல் தாலி அணிந்த மகனைத் தாய் அணைத்துக்கொண்டிருக்கிறாள். அகநானூறு 7இல் அதே அணி, காதலனுடன் சென்றுவிட்ட பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. புறநானூறு 374 சிறுவர்களின் கழுத்தில் அதைக் காட்டுகிறது. ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஏன் புலியின் பல்? எதைக் கண்டு ஊர் நடுங்குகிறதோ, அதன் ஆயுதமே குழந்தையின் கழுத்தில் இருந்தால் வேறெந்தத் தீங்கும் நெருங்காது என்பதே இதன் அடிப்படை எண்ணம் எனலாம். புலியை வீழ்த்திய வீட்டார் என்ற பெருமையும் அதில் சேர்ந்திருக்கும்.

ஐம்படைத் தாலியும் இதே நோக்கம் கொண்டது. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்தையும் சிறிய உருவில் செய்து குழந்தைக்கு அணிவித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், குழந்தைக் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில், தேவர்கள் அனுப்பிய பரிசுகளுள் ஐம்படையையும் சேர்த்திருக்கிறார். இந்தக் காப்புக்கு எந்த விலங்கும் சாக வேண்டியதில்லை.

நகத்தின் கவர்ச்சி

பல்லைவிட நகம் நகைக்கு எளிதில் பொருந்தும். இயல்பாகவே பிறைபோல் வளைந்திருப்பதால், அடிப்பகுதிக்குப் பொன்பூண் கட்டினால் போதும், பதக்கம் ஆயத்தம். கேரளத்தில் புலிநக மாலை மரபான நகை வடிவங்களுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் புலிநகத்தைப் பொன்னில் பதித்து மாலையாகவும் மார்பூசியாகவும் அணிந்தனர். அவர்களுக்கு அது காப்பு அன்று, வேட்டையின் நினைவுப்பொருள்.

ஒரு புலிக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு என மொத்தம் 18 நகங்கள். கோரைப்பற்கள் நான்கு மட்டுமே. கடைவீதி நிறையப் புலிநகம் தொங்குகிறது என்றால், அவற்றில் பல மாட்டுக் கொம்பிலும் குளம்பிலும் செதுக்கியவையாகவே இருக்கும்.

சட்டமும் இன்றைய நிலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே உள்ள வ. புதுப்பட்டி போன்ற ஊர்களுக்கு இது வெறும் இலக்கியச் செய்தி அல்ல. பக்கத்து மலைக்காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம் இது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி முதல் அட்டவணையில் உள்ளது. அதன் பல், நகம், தோல் எதையும் உரிய சான்றிதழ் இன்றி வைத்திருப்பதே குற்றம். வாங்குவதும் விற்பதும் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிக அளவாக ஏழு ஆண்டு சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. 2023 அக்டோபரில், புலிநகப் பதக்கத்துடன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய ஒருவரைக் கர்நாடக வனத்துறை கைது செய்தது.

"தாத்தா காலத்து நகை" என்பது விலக்கு ஆகாது. பழைய பொருள்களைப் பதிவு செய்ய அரசு 2003இல் மீண்டும் ஒரு வாய்ப்புத் தந்தது. அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டது. சான்றிதழ் உள்ள நகையைக்கூட விற்க முடியாது, வாரிசுக்குத்தான் செல்லும். சான்றிதழ் இல்லாத நகை பெட்டியில் கிடந்தால், ஒளித்து வைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைப்பதே நல்லது.

அந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால், முழுவதும் பொன்னிலோ வெள்ளியிலோ செய்த நகவடிவப் பதக்கங்கள் இருக்கின்றன. பூனையை நினைவூட்டும் கல்லும் உண்டு: நவரத்தினங்களுள் ஒன்றான வைடூரியம். இலங்கையில் கிடைக்கும் இக்கல்லுக்குள் மிக நுண்ணிய இழைகள் ஒரே திசையில் அமைந்துள்ளன. கல்லைப் பட்டை தீட்டாமல் குமிழ்போல் வழவழப்பாக்கினால், அவ்விழைகளில் பட்ட ஒளி ஒரே கோடாகத் திரண்டு, வெயிலில் சுருங்கிய பூனையின் கண்மணி போலத் தோன்றும்.