அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக் கூடாது

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பா காலத்து இசைத்தட்டுகள் 14-ஐத் துணிப்பையில் கொண்டுவந்தார். “அஞ்சு தட்டைத் துடைச்சுட்டேன் சார், அதுக்கப்புறம் பாட்டே சரியா வரலை” என்றார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பளபளக்க வேண்டிய வரிகள் சாம்பல் பூத்து, விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக மழுங்கியிருந்தன. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்திருக்கிறார். எவ்வளவு அழுக்கு பாருங்கள் என்று அந்தப் பஞ்சையும் காட்டினார். பஞ்சில் இருந்த கருப்பில் அழுக்கு கொஞ்சம்தான். மீதி, கரைந்து வந்த தட்டு.

இந்த வருஷம் இது நான் பார்க்கும் மூன்றாவது வீடு.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தி எடுத்தார்கள். மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். சானிடைசரிலும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் இருப்பது அதே சாராயம்தான். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் அரக்கு. 1948-இல் வந்த எல்.பி. தட்டுகள் வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் ஊரில் 1960-களிலும் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்துகொண்டிருந்ததால், ஒரே அலமாரியில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

எனவே ஒரு சொட்டு எதுவும் படுவதற்கு முன் தட்டு எதில் ஆனது என்று பாருங்கள். லேபிளில் 78 என்று போட்டிருந்தாலோ, 10 அங்குலத் தட்டு கையில் கனத்து, வளையாமல் விறைப்பாக இருந்தாலோ, பக்கத்துக்கு மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தாலோ அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தாலும் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரக்குத் தட்டுக்கு: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர், அதில் நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. மென்மையான பிரஷ்ஷை அதில் தொட்டு, வரி போகும் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். உடனே வெறும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஊற வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மாவு தண்ணீர் குடிக்கும். வெந்நீர் கூடவே கூடாது. சமையலறையில் தட்டு செருகும் ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் உலர விடுங்கள். லேபிள் காகிதம் நனைந்தால் திரும்ப வராது, அதைத் தொடாதீர்கள்.

வினைலுக்கும் இதே முறைதான். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும், நாலில் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். செல்போன் பழுது பார்க்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். அந்தப் பாட்டிலை அரக்குத் தட்டு இருக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது. போர்வெல் உப்பு வரிக்குள் காய்ந்து உட்கார்ந்து, பிறகு ஊசி போகும்போதெல்லாம் பொரியும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த எண்ணெயில்தான் தூசி பசையாக ஒட்டுகிறது.

தட்டைவிட ஊசியை நாம் அதிகம் அலட்சியப்படுத்துகிறோம். விரலால் தட்டித் தூசி எடுக்காதீர்கள். சவுண்டைக் குறைத்துவிட்டு, சின்ன பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தட்டு ஓடும் திசையிலேயே, ஒரே இழுப்பு. பக்கவாட்டில் தேய்த்தால் ஊசியைத் தாங்கும் கம்பி ஒடியும். நீலக்கல் முனை ஐம்பது மணிநேரம்கூடத் தாங்குவது அரிது. வைர முனை 500 மணிநேரத்துக்கு மேல் வரும். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் சீறினாலோ, லேபிளுக்குப் பக்கத்துப் பாட்டு மட்டும் கரகரத்தாலோ ஊசி தேய்ந்திருக்கலாம். தேய்ந்த ஊசி வரியைச் செதுக்கிவிடும். புது ஊசி போட்டாலும் அந்தச் சேதம் போகாது. பழைய பெட்டிகள் பலவற்றில் ஊசியைத் திருப்பிப் போடும் சின்னத் திருகு உண்டு: ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. மாற்றாமல் ஓட்டினால் இரண்டுக்கும் கேடு. சாவி கொடுக்கும் கிராமபோனின் இரும்பு ஊசியை எல்.பி. மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். அதை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்றவும் வேண்டும்.

ஊசி வாங்கும்போது ஏமாறுகிறவர்கள் ஏராளம். எனக்கே நடந்தது. இணையத்தில் வாங்கிய ‘வைர’ ஊசியை லென்ஸில் பார்த்தால், முனை சாய்ந்து ஒட்டியிருந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளைச் சொல்லி, அவர்கள் தளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். பணம் வந்தது. புகார் கிடைத்ததை அவர் 48 மணிநேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915-ஐக் கூப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்து எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் முடியாது என்று கவுண்டரில் யாராவது விரட்டினால் நகராதீர்கள். நீங்களே வாதாடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பில், ‘வைரம்’ என்று விளம்பரம் செய்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஊசியின் படம், பதில் கடிதங்கள், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை வாங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். தகராறு வந்த பிறகு அந்தப் பக்கம் அங்கே இருக்காது. பழைய புத்தகக் கடை ஓரத்திலோ தெரிந்தவரிடமோ பில் இல்லாமல் வாங்கியதற்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. அங்கே போட்டுக் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரமும் மாடிப் பரணும் வேண்டாம், வினைல் நெளிந்துவிடும்.

ஆசிரியரின் மீதி ஒன்பது தட்டுகளையும் தண்ணீரில் துடைத்துக் கொடுத்தேன், ஒன்பதும் பாடின. ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் ‘அரக்கு – ஸ்பிரிட் கூடாது’ என்று பெரிதாக எழுதி அனுப்பினேன். உங்கள் வீட்டுத் தட்டுகளின் உறைகளிலும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். தட்டை வெளியே எடுத்துவிட்டு எழுதுங்கள், பென்சில் அழுத்தம் வரியில் பதியும்.