கேமராவுக்குக் குனியும் வீடு

ராஜபாளையத்தில் என் தோழியின் வீடு என்பது ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. கூடத்தில் பீரோவை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் மேஜைதான் அவளுடைய அலுவலகம். காலை பத்து மணிக்குச் சென்னை டீமோடு மீட்டிங். லிங்க்கைத் தட்டியதும் டீம் லீடின் குரல் வரும்: "எல்லாரும் கேமரா ஆன் பண்ணிடுங்க." கொடியில் காயும் துணிகளை அவசரமாகச் சுருட்டி அறைக்குள் போடுகிறாள். அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போக வேண்டிய மாமியார், மேஜைக்குப் பின்னால் வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடக்கிறார். ஏற்கெனவே தேய்ந்த முட்டி. மியூட் போட்டுவிட்டு இவள் சொல்கிறாள்: "அத்தை, நிமிந்தே போங்க, பரவாயில்ல." அவர் கேட்பதில்லை. "இருக்கட்டும்மா, உன் ஆபீஸ்காரங்க பாக்காங்கல்ல."

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு எந்த மீட்டிங் மென்பொருள் சரிப்படும் என்று எழுதச் சொன்னார்கள். விலைப்பட்டியல்களைப் பார்த்தேன். எத்தனை பேர் சேரலாம், இலவசத் திட்டத்தில் 40 நிமிடமா 60 நிமிடமா, ரெக்கார்டிங்குக்கு எவ்வளவு இடம் என்று எல்லாம் இருக்கிறது. எனக்கோ அந்தக் குனிந்த முதுகுதான் கண்ணில் நிற்கிறது. வாங்குகிறவர் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற அறையில் இருக்கிறார். பயன்படுத்துகிறவர் கூடத்தில் இருக்கிறார்.

ஆகவே நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: எல்லாருக்கும் கேமரா அணைந்த நிலையிலேயே மீட்டிங் தொடங்கும்படி நிர்வாகியால் அமைத்துவைக்க முடியுமா? முடியும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2003இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு மாணவரின் முயற்சியாகத் தொடங்கிய ஜிட்சியில் அந்த வசதி உண்டு. அது திறந்த மூல மென்பொருள் என்பதால் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்; லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே மீட்டிங் திறக்கும். பராமரிக்கத் தெரிந்த ஆள் அலுவலகத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

கேமராவை அணைத்தால் மிச்சமாவது மானம் மட்டுமல்ல. தெளிவான படத்தோடு நடக்கும் குழு மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். மின்சாரம் போய் மோடம் அணைந்ததும் ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுகிறவர் கையில் இருப்பதோ நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி ரீசார்ஜ். மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடும். குரல் மட்டும் என்றால் மணிக்கு 100 எம்பிகூட ஆகாது. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையை இன்று பல மென்பொருள்கள் கையாளுகின்றன. நொடிக்கு 6 கிலோபிட் வரை இறங்கினாலும் அதில் பேச்சு புரியும். "கேக்குதா, கேக்குதா?" என்று பாதி நேரம் கரைவது பெரும்பாலும் படம் அலைவரிசையை அடைத்துக்கொள்வதால்தான்.

பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளலாமே என்பார்கள். தோழியின் ஆறு வருடப் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டதும் விசிறி இரைய ஆரம்பிக்கிறது, அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுடுகிறது. மாமியார் நிமிர்ந்து நடந்தால் அவர் தலை மட்டும் மங்கலுக்கு வெளியே பளிச்சென்று தெரிகிறது.

நாள் முழுக்கத் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்புக்கு ஒரு காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் 2021இல் எழுதினார். பல முகங்கள் மிக அருகில் நம்மையே பார்ப்பது, சட்டகத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றையும் அவர் சேர்த்துச் சொன்னார். தன் படத்தைத் தானே மறைத்துக்கொள்ளும் பொத்தான் பல மென்பொருள்களில் இருக்கிறது. மெனுவுக்குள் எங்கோ ஒளிந்திருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை.

முகம் பார்த்துப் பேசினால்தான் நம்பிக்கை வளரும், புதிதாகச் சேர்ந்தவர் ஒட்டுவார் என்று மேலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது கேட்டுப் பெற வேண்டிய சம்மதம். 2022இல் நெதர்லாந்தில் ஒரு வழக்கு. வேலை நேரம் முழுக்கக் கேமராவைப் போட்டுவைக்க மறுத்த ஊழியரை, அமெரிக்க நிறுவனம் ஒன்று நீக்கிவிட்டது. திரையைப் பகிர்கிறேன், முகத்தைக் காட்ட மாட்டேன் என்றார் அவர். கேமராவைப் போட்டுவைக்கச் சொல்வது அவருடைய தனிவாழ்வில் தலையிடுவது என்று கண்ட நீதிமன்றம், ஏறத்தாழ 75,000 யூரோ தரும்படி உத்தரவிட்டது. நம் ஊரில் யார் வழக்குப் போடுவார்கள்? வேலை இருப்பதே பெரிது என்று துணியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதைவிட என்னை அரிப்பது ரெக்கார்டிங். குளித்துவிட்டுத் துண்டோடு குறுக்கே ஓடிய பிள்ளையும் அந்தக் கோப்பில் இருக்கிறான். அது யாருடைய சர்வரில் கிடக்கிறது, யாரெல்லாம் திறக்கலாம், எத்தனை நாளில் தானாக அழியும்? விற்க வருகிறவரிடம் இதற்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பேசுகிறவர்கள் தவிர நடுவில் யாராலும் திறக்க முடியாத முழுப் பூட்டைப் போட்டால், சர்வரில் பதிவுசெய்வதும் சாதாரண ஃபோனில் டயல் செய்து சேர்வதும் பெரும்பாலும் வேலை செய்யாது. எது வேண்டும் என்பதை முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள், ஆனால் அலுவலக வைஃபையில் வேண்டாம். டீமிலேயே சிறிய வீடும் பழைய லேப்டாப்பும் யாரிடம் இருக்கிறதோ, அவர் வீட்டிலிருந்து அவர் மீட்டிங்கை நடத்தட்டும். மேலாளரும் அன்றைக்குத் தம் வீட்டுக் கூடத்தில், குக்கர் விசிலடிக்கும் நேரத்தில், ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் வந்து சேரட்டும்.