ஈயைச் சிறை வைக்கும் பூ

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். இது ஊசியிலை மர இனம், பூக்காத மரம். தன் மகரந்தத்தைக் காற்றில் தூவிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பூக்கும் தாவரங்களில் பலவோ பூச்சிகளைத் தூது விடுகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இருப்பது போன்ற வறண்ட முட்புதர்க் காடுகளில், அப்படித் தூது விடுவதில் மகா தந்திரசாலியான கொடி இனம் ஒன்று உண்டு. அதன் பெயர் செரோபீஜியா.

'மெழுகு ஊற்று' என்று பொருள்படும் இப்பெயரை வைத்தவர் லின்னேயஸ். இந்த இனத்தில் ஒன்றான செரோபீஜியா ஜுன்சியாவை (நம்மவர்கள் புளிச்சான் என்பார்கள்) 1795-இல் ராக்ஸ்பரோ தமது கோரமண்டல் கரைத் தாவர நூலில் வெளியிட்டார். இலையே இல்லையோ என்று தோன்றும் சதைப்பற்றான பச்சைத் தண்டு, முட்செடிகளைச் சுற்றி ஏறும். பூக்காத காலத்தில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பூவோ ஒரு சிறு விளக்குக் கூண்டு! அடியில் உப்பிய அறை, நடுவே குழல், உச்சியில் நுனி சேர்ந்த ஐந்து இதழ்கள். மணத்தால் மயங்கி வரும் சின்னஞ்சிறு ஈ, வழுக்கிக் குழலுக்குள் விழுகிறது. உள்ளே கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்கள். மீன் பிடிக்கும் பறியைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே போகலாம், திரும்ப முடியாது. அதே கதைதான் இங்கும்.

ஆனால் இந்தப் பூ ஈயைத் தின்பதில்லை. அறைக்குள் தேன் வைத்திருக்கிறது. ஈ தேனை உறிஞ்சும்போது அதன் வாய்ப்பகுதி ஒரு நுண்ணிய பிளவில் மாட்டுகிறது. இழுத்தால் மகரந்தப் பைகள் இரண்டு கவ்வியோடு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு மயிர்கள் வாடும், நிமிர்ந்து நின்ற பூ சாயும், கைதிக்கு விடுதலை! அது அடுத்த பூவிலும் விழ வேண்டும். அங்குள்ள பிளவில் அந்தப் பை பொருந்தினால்தான் காய் பிடிக்கும். ஜெர்மன் அறிஞர் ஸ்டெஃபான் ஃபோகல் இவற்றை விரிவாக ஆராய்ந்து 1961-இல் எழுதினார்.

தென்னாப்பிரிக்காவில் வளரும் செரோபீஜியா சாண்டர்சோனி இன்னும் ஒரு படி மேல். சிலந்தியிடம் சிக்கிய தேனீயின் உடற்சாற்றை உறிஞ்சும் ஈக்கள் சில உண்டு. அடிபட்ட தேனீயின் வாசனையையே பூ வெளியிட்டு அவற்றை ஏமாற்றுகிறது என்று 2016-இல் கண்டறிந்தார்கள்.

இத்தனை நுட்பமும் ஆபத்தில் முடியக்கூடும். ஈ இல்லாத இடத்தில் கொடி பூத்துக் குலுங்கினாலும் விதை இராது. கொடியைத் தோண்டி எடுத்துத் தோட்டத் தொட்டியில் நட்டுவிட்டு, "காப்பாற்றிவிட்டோம்" என்பது பாதிக் கணக்குதான். ஈ வாழும் புதரும் சருகும் மிஞ்ச வேண்டும். சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர் மண்ணில் இது சின்னக் கேள்வியல்ல.

செரோபீஜியாவைத் தேடிப் பிடுங்காதீர்கள். அதன் உறவினரான எருக்கு எங்கும் இருக்கிறதே! ஒரு பூவைப் பறித்து, நடுவிலுள்ள ஐங்கோணத் தூணின் மூலையில் தெரியும் பிளவில் ஊசி முனையை மெல்ல மேலே இழுங்கள். கறுப்புப் புள்ளி ஒன்றில் தொங்கும் இரண்டு மஞ்சள் பைகள் ஊசியோடு வரும். எருக்கம் பால் கண்ணில் படக்கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.